எதிர்ப்புச் சக்தி குறைந்து வரும் நோயா? ஆட்டோ இம்யூன் பற்றி ஓர் எளிய விளக்கம்

சுங்கை சிப்புட்டில் ஒரு பெண்ணுக்கு லூப்பஸ் என்று டாக்டர் சொன்ன செய்தி தமானுக்குள் பரவியதும், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சு, அதான்." கூடவே ஒரு டின் சத்துப் பவுடரோ ஒரு பாட்டில் சாறோ வந்து சேரும். எல்லாம் அன்பினால் வருவதுதான். ஆனால் அந்தக் காரணம் தவறு. அதை நம்பி வாங்கும் பொருள்கள் சில நேரம் உயிருக்கே ஆபத்தாகின்றன.

லூப்பஸ், முடக்குவாதம், தோல் செதிலாக உரியும் சோரியாசிஸ், தைராய்டு சுரப்பியை அரிக்கும் ஹாஷிமோட்டோ நோய், சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வரும் முதல் வகை இனிப்பு நீர் ஆகிய இவற்றிலெல்லாம் எதிர்ப்புச் சக்தி ஓய்ந்துபோய்க் கிடக்கவில்லை. முழு மூச்சாக வேலை செய்கிறது. யாரைத் தாக்குவது என்பதில்தான் பிழை. கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பைத் தாக்குகிறது. இப்படிப்பட்ட நோய்களைத்தான் ஆட்டோ இம்யூன் நோய்கள், தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறோம்.

பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரிகளோடு பல வருடம் வேலை பார்த்தவள் நான். ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்னாங்க, கேன்சரா?" என்று கேட்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உட்கார்ந்து சொல்ல நேரம் கிடைக்காமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

களையும் கொடியும்

புதிதாகச் செம்பனை நட்ட காட்டுக்குள் போனால் தரையெல்லாம் பச்சைக் கொடி படர்ந்திருக்கும். அது தானாக முளைத்ததில்லை, நிர்வாகமே விதைத்த பயற்றினக் கொடி. மழை மண்ணை அரித்துப் போகாமல் பிடித்து வைக்கும், நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அதே தரையில் லாலான் புல்லும் வரும். கன்றின் மேல் ஏறி அமுக்குகிற களைக்கொடியும் வரும். பம்பை முதுகில் சுமந்து மருந்தடிக்க வருகிற புது ஆளுக்கு இரண்டு கொடியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதல் நாள் இலையைப் பறித்துக் கையில் கொடுத்துக் காட்டுவார். "மூணு இலை சேந்து இருந்தா நம்ம கொடி, தொடாத. ஒத்தை இலையா, இதயம் மாதிரி இருந்தா களை, அடி." இதைக் கற்றுக்கொள்ளாதவரைப் பம்பை இறக்கி வைக்கச் சொல்லிவிடுவார். கற்றுக்கொண்டவர்கள் காட்டுக்குள் இறங்கிய பிறகும் பின்னாலேயே நடப்பார், கை தவறிய இடத்தில் நிறுத்துவார்.

ஒரு நாள் நிர்வாகம் விதைத்த கொடியெல்லாம் கருகிக் கிடக்கிறது என்று வையுங்கள். மருந்தில் வீரியம் குறைந்ததாலா கருகியது? வீரியத்துக்கு ஒரு குறையுமில்லை. அடித்த இடம்தான் தப்பு. இந்த நேரத்தில் இன்னும் கடுமையான மருந்தைப் பம்பில் ஊற்றிக் கொடுத்தால் மிச்சமிருக்கும் கொடியும் போய்விடும். ஆட்டோ இம்யூன் நோயாளிக்கு "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு" என்று சொல்வது இதைத்தான் செய்யச் சொல்கிறது.

உடம்புக்குள் மருந்தடிப்பவர்கள்

நம் ரத்தத்திலும் நிணநீர்க் கட்டிகளிலும் திரியும் வெள்ளையணுக்களில் இரண்டு வகையை மட்டும் இங்கே தெரிந்துகொண்டால் போதும். பி செல்கள் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். அது எதிரியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். டி செல்களில் சில, கிருமி புகுந்த செல்லை நேரடியாகக் கொல்லும். வேறு சில, மற்றவர்களுக்கு உத்தரவு கொடுக்கும். இந்தச் செல்கள் பிடித்து அடையாளம் காணும் துண்டுக்கு ஆன்டிஜென் என்று பெயர். கிருமியின் மேலுள்ள ஒரு புரதத் துண்டு ஆன்டிஜென் ஆகலாம். நம் மூட்டிலுள்ள ஒரு புரதத் துண்டும் ஆகலாம்.

ஒவ்வொரு டி செல்லுக்கும் பி செல்லுக்கும் மேற்பரப்பில் ஒரு வகைப் பிடிப்பான் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில்தான் பொருந்தும். இந்த நோய்களைப் புரிந்துகொள்ள இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாளைக்கு என்ன கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. கோவிட் வைரஸ் 2019-க்கு முன்பு நம் யாருடைய உடம்புக்கும் அறிமுகமில்லாதது. ஆனாலும் அதைப் பிடிக்கும் செல்கள் நம்மிடம் முன்கூட்டியே இருந்தன. எப்படி? பிடிப்பான்களைச் செய்யும் மரபணுத் துண்டுகளை உடம்பு கண்டபடி கலைத்து, வெட்டி, மாற்றி ஒட்டுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு தொனெகாவா இதை 1976-இல் நிரூபித்தார், 1987-இல் நோபல் பரிசு பெற்றார். நம்மிடம் இருப்பது சுமார் 20,000 மரபணுக்கள்தான். இந்தக் கலைப்பினால் கோடிக்கணக்கான வடிவங்களில் பிடிப்பான்கள் கிடைத்துவிடுகின்றன.

கண்டபடி கலைத்துச் செய்வதால், சொந்த உடம்பையே பிடிக்கும் வடிவங்களும் கட்டாயம் உருவாகும். உங்களுக்கும் எனக்கும், ஒரு நோயும் இல்லாத உங்கள் மகனுக்கும் அப்படிப்பட்ட செல்கள் ஒவ்வொரு நாளும் பிறக்கின்றன. ஆகவே "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்கிற நோயாளியிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது: உங்கள் உடம்பு விசித்திரமானதில்லை. எல்லார் உடம்பிலும் இருக்கிற ஓர் ஆபத்து உங்கள் உடம்பில் கட்டை மீறிவிட்டது.

தைமஸ் என்ற பயிற்சிக்களம்

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து வயதாக ஆகச் சுருங்கும். அதனால் ஒரு பயனுமில்லை என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவற்றின் எதிர்ப்பு மண்டலமே சரியாக வளரவில்லை. டி செல்லின் டி, தைமஸின் முதல் எழுத்துத்தான்.

இலையைக் காட்டிக் கொடுக்கும் முதல் நாள் பயிற்சி இங்கேதான் நடக்கிறது. உடம்பின் பல உறுப்புகளில் உள்ள புரதங்களைத் தைமஸ் தனக்குள்ளேயே செய்து இளம் டி செல்களுக்குக் காட்டுகிறது. கணையத்தின் இன்சுலினைக்கூடக் காட்டுகிறது. அதை இறுகப் பிடிக்கும் செல் அங்கேயே சாகடிக்கப்படும். எதையுமே பிடிக்கத் தெரியாத செல்லும் வீண் என்று சாகும். உள்ளே வரும் 100 செல்லில் 5 வெளியே வந்தால் அதிகம். இவ்வளவு கண்டிப்பு இருந்தும் சில தப்பிவிடுகின்றன, எல்லாருக்கும்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பிடிப்பான்களை உடம்பு கண்டபடி செய்கிறது, அதில் சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவையும் பிறக்கின்றன, தைமஸ் பெரும்பாலானவற்றை வடிகட்டுகிறது, முழுவதையும் வடிகட்ட முடிவதில்லை. அப்படியென்றால் நம்மில் பெரும்பாலோர் நோயில்லாமல் இருப்பது எப்படி?

பின்னால் நடந்துவரும் செல்கள்

இந்தக் கேள்விக்கான விடைக்குத்தான் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சியும், அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எலிக்குட்டி பிறந்து மூன்றாம் நாள் தைமஸை எடுத்தால் எதிர்ப்பு மண்டலம் பலவீனப்படும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஜப்பானில் நடந்த சோதனைகளில் அந்த எலிகளின் எதிர்ப்பு மண்டலம் சொந்த உறுப்புகளையே தின்னத் தொடங்கியது. இளைஞரான சகாகுச்சியை இது விடவில்லை. அதே மரபணு கொண்ட வேறு எலிகளின் டி செல்களை எடுத்து, தைமஸ் எடுக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே அடிக்கிற கூட்டமும் இருக்கிறது, அடிப்பதைத் தடுக்கிற கூட்டமும் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் இதைச் சொன்னவர்களைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பவில்லை. அவர் விடாமல் பத்து வருடத்துக்கும் மேல் தேடி, அந்தச் செல்களின் மேற்பரப்பு அடையாளத்தை 1995-இல் வெளியிட்டார். அவற்றுக்கு ஒழுங்குபடுத்தும் டி செல் என்று பெயர். காட்டில் பின்னாலேயே நடக்கிற மண்டோர் இவைதான்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1940களில் தற்செயலாகப் பிறந்த ஒரு வகை எலி. ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரலும் நிணநீர்க் கட்டிகளும் வீங்கும், சில வாரங்களில் செத்துப்போகும். டி செல்கள் தட்டிக்கேட்க ஆளில்லாமல் உறுப்புகளைத் தாக்கியதுதான் காரணம். எந்த மரபணுக் கோளாறு இதைச் செய்கிறது என்று பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் தேடினார்கள். இன்று கணினியில் சீக்கிரம் முடிகிற தேடல், 1990களில் வருடக்கணக்கில் ஆனது. சந்தேகத்துக்குரிய இடத்தில் 20 மரபணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியான இருபதாவதில் கோளாறைக் கண்டார்கள். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர். மனிதர்களில் ஆண் குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற அரிய, கொடிய ஆட்டோ இம்யூன் நோய்க்கும் அதே மரபணுவின் கோளாறுதான் காரணம் என்று 2001-இல் தெரியவந்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்லை உருவாக்கி நடத்துவது இந்த மரபணுவே என்று அடுத்த இரண்டு வருடத்துக்குள் சகாகுச்சியின் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எதிர்ப்பு மண்டலம் என்றால் தாக்குவது மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். தடுத்து நிறுத்துவதும் அதே மண்டலத்தின் வேலை. அந்த எலிக்குட்டிகளிடம் தாக்கும் சக்தி ஏராளமாக இருந்தது. அதுவே அவற்றைக் கொன்றது.

கட்டு ஏன் அறுகிறது

ஒற்றைக் காரணம் கிடையாது. பிறப்பில் வந்த மரபணுக்கள் ஒரு சாய்வைக் கொடுக்கும். அதன் மேல் வெளியிலிருந்து ஏதோ ஒன்று தள்ளும்.

கிருமி தள்ளலாம். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் புரதமும் நம் இதயத்தின் புரதமும் வடிவத்தில் ஒத்திருக்கின்றன. தொண்டைக் கிருமிக்கு எதிராகக் கிளம்பிய தாக்குதல் இதய வால்விலும் போய் விழுகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். நெருக்கமான வீடுகளில் நிறையப் பேர் வாழும் இடங்களில் அதிகம் வரும் நோய் என்பதால், லயத்து வீடுகளில் வளர்ந்த நம் மூத்தவர்களில் வால்வு ஆபரேஷன் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிறுவயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை தாக்கப்படும் தண்டுவட மரப்பு நோயில் (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்) எப்ஸ்டைன் பார் என்ற வைரஸுக்குப் பெரிய பங்கு இருப்பதை 2022-இல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வைரஸ் தொற்றியவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரும்பாலோருக்குத் தொற்றுவது. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. கிருமி மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் மலேசியாவிலேயே நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 2005 முதல் 2009 வரை முடக்குவாத நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் சேர்த்து ஒப்பிட்ட ஆய்வு அது. வேலையிடத்தில் துணி, நூல் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று அதில் தெரிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது எத்தனை பெண்பிள்ளைகள் பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். துணித் தூசியில் நின்றவர்கள் அவர்களிலும் உண்டு. சிகரெட் புகையும் இப்படித்தான். நுரையீரலில் உள்ள புரதங்களின் உருவத்தைப் புகை மாற்றுகிறது. மாறிய உருவம் எதிர்ப்புச் செல்களுக்கு அந்நியமாகப் படுகிறது.

லூப்பஸ் நோயாளிகள் 10 பேரில் 9 பேர் பெண்கள். எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதும் ஹார்மோன்களும் காரணங்களில் சேரும்.

காரணம் எதுவானாலும், இந்த நோய்களில் ஒட்டிக்கொள்வது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சோரியாசிஸ் உள்ளவர் தொட்ட தட்டைத் தனியாக வைக்கிறவர்கள், கோயில் பந்தியில் தள்ளி உட்காருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்கவே மனசு வலிக்கிறது. தோலில் கிருமி இல்லை, தொட்டால் வராது. செய்வினையும் இல்லை.

எந்த உறுப்போ, அந்த நோய்

தாக்கப்படும் இடத்தைப் பொறுத்துத்தான் பெயர் மாறுகிறது. கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்தால் முதல் வகை இனிப்பு நீர். இது பெரியவர்களிடம் அதிகம் பார்க்கிற இரண்டாம் வகையிலிருந்து வேறானது. பிள்ளை ஐஸ்கிரீம் தின்றதால் வந்ததில்லை, இன்சுலின் ஊசியை நிறுத்தினால் சில நாளில் உயிரே போகும். மூட்டின் உள்ளுறை வீங்கினால் முடக்குவாதம். பால் வெட்டப் போகிற பெண், விடியற்காலையில் உளியைப் பிடிக்க விரல் மடங்காமல் ஒரு மணி நேரம் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வெயில் ஏறியதும் விரல் இளகுகிறது என்றால் அது வெறும் வேலைக் களைப்பாக இருக்காது. வேலை செய்து தேய்ந்த மூட்டு வேலை செய்யச் செய்ய வலிக்கும். முடக்குவாத மூட்டு ஓய்வுக்குப் பிறகுதான் அதிகம் மரத்திருக்கும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போய் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். மூட்டு கோணிய பிறகு போனால் மருந்தால் நிமிர்த்த முடியாது.

லூப்பஸில் தாக்குதல் ஓரிடத்தில் நிற்பதில்லை. செல்லின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏவுக்கும் அதன் புரதங்களுக்கும் எதிராகவே ஆன்டிபாடிகள் கிளம்புவதால் தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், மூளை என்று எங்கும் போகும்.

ஏஎன்ஏ தாளில் என்ன இருக்கிறது

ஏஎன்ஏ என்பது செல்லின் கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை. இந்தச் சோதனையை என் கையால் செய்திருக்கிறேன், ஆகவே அருகில் வைத்துக் காட்டுகிறேன். ஒரு கண்ணாடித் தகட்டில் மனிதச் செல்கள் ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை அதன் மேல் விடுவோம். செல்லின் கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி அதில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். பிறகு, மனித ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கும் ஒளிரும் சாயத்தை விடுவோம். அறையை இருட்டாக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கருவெல்லாம் பச்சையாக ஒளிரும். சிலருக்கு முழுக்கப் பச்சை, சிலருக்குப் புள்ளி புள்ளியாக. அந்தப் பச்சை என்பது நோயாளியின் சொந்த ஆன்டிபாடி, ஒரு மனிதச் செல்லின் கருவைப் பிடித்துக்கொண்டிருப்பது.

ரத்த நீரை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று நீர்த்துப் பார்ப்போம். எவ்வளவு நீர்த்தும் ஒளிர்கிறதோ அவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது. இங்கேதான் பலரும் பயந்துபோகிறார்கள். 1997-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஆரோக்கியமான ஆட்களிலேயே 40 மடங்கு நீர்ப்பில் நூற்றுக்கு 30 பேருக்கும் மேல் ஒளிர்ந்தது. 160 மடங்கிலும் நூற்றுக்கு 5 பேருக்கு ஒளிர்ந்தது. பிடிப்பான்கள் கண்டபடி பிறக்கின்றன, சில வடிகட்டலில் தப்புகின்றன என்று மேலே பார்த்தோமே, அதுதான் இந்தத் தகட்டில் தெரிகிறது. ஆன்டிபாடி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றில்லை. அறிகுறி, சிறுநீர்ச் சோதனை, மற்ற ஆன்டிபாடிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் நோயைச் சொல்வார். தனியார் கூடத்தில் பேக்கேஜ் சோதனை செய்து, ஏஎன்ஏ பாசிட்டிவ் என்ற ஒரு வரியைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

பூஸ்டர் பாட்டிலுக்குள் என்ன

இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்கிறார்கள், வாட்சாப்பில் விற்கிறார்கள், சில நேரம் சொந்தக்காரர்களே விற்கிறார்கள். "அக்கா, ரெண்டு வாரம் குடிச்சுப் பாருங்க, மூட்டு வலி ஓடிரும்." உண்மையிலேயே ஓடிவிடுகிறது! அதனால்தான் நம்புகிறார்கள்.

ஓடுவதற்குக் காரணம் பல நேரங்களில் உள்ளே மறைவாகக் கலந்திருக்கும் ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கு என்று விற்கப்படும் பாரம்பரியப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு என்பது எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்பதற்குள், அதைக் குறைப்பது கலந்திருக்கிறது. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். பிறகு பாட்டில் தீர்ந்து திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலை வரும். அட்டையில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண் இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பாட்டிலையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் டாக்டர் குருடாக வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆராய்ச்சி போகிற திசை

இத்தனை காலம் நம்மிடமிருந்த மருந்துகள் நல்லது கெட்டது பார்க்காமல் மொத்தக் கூட்டத்தையும் அடக்குபவை. தப்பாக அடிப்பவரை மட்டும் நிறுத்த முடியுமா என்பதே ஆராய்ச்சியாளர்களின் தேடல்.

1992-இல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும், வீக்கத்தைக் கிளப்பிவிடும் டிஎன்எஃப் என்ற ஒரே ஒரு புரதத்தைத் தடுக்கும் ஊசியை முடக்குவாத நோயாளிகளுக்குச் சோதித்தார்கள். இன்று மலேசியாவிலும் அந்த வகை ஊசிகள் உண்டு. உடம்பில் அடங்கிக் கிடக்கும் காசநோய் அதனால் கிளம்பக்கூடும் என்பதால் முன்னதாகக் காசநோய்ச் சோதனை செய்வார்கள். 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்து, முதல் வகை இனிப்பு நீர் வரப்போகிறவர்களுக்கு அது வருவதைச் சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போட்டது.

எனக்கு அதிக நம்பிக்கை கொடுப்பது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்திலிருந்து வந்த செய்தி. கடுமையான லூப்பஸ் இருந்த 20 வயதுப் பெண் ஒருவரின் டி செல்களை வெளியே எடுத்து, பி செல்களைத் தேடிக் கொல்லும்படி மரபணுவை மாற்றி, திரும்ப அவருக்கே செலுத்தினார்கள். கியோர்க் ஷெட் குழுவினர் 2021-இல் இதை வெளியிட்டார்கள். பழைய பி செல்கள் அழிந்தன. சில மாதங்களில் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியவை பிறந்தன, நோய் திரும்பவில்லை. அடுத்த வருடம் 5 பேர், 2024-இல் வேறு ஆட்டோ இம்யூன் நோயாளிகளையும் சேர்த்து 15 பேர் என்று முடிவுகள் வந்தன. இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, செலவும் ஆபத்தும் அதிகம். "ஜெர்மனி மருந்து இங்கே கிடைக்கும்" என்று யாராவது போனில் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

இப்போது கையில் இருப்பவை

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். லூப்பஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். இது மலேரியா மருந்துக் குடும்பத்திலிருந்து வந்தது. தோட்டங்களில் மலேரியாவால் நம் முன்னோர் கொத்துக் கொத்தாகச் செத்த காலத்தில், கிள்ளானில் 1901 முதல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவைக் குறைத்தார், தோட்டங்களில் கொய்னா கொடுத்தார்கள். அதே நோய்க்கு எதிராகப் பிறகு வந்த மெப்பாக்ரின் என்ற மருந்து லூப்பஸ் தோல் புண்ணையும் ஆற்றுவதை 1951-இல் ஃபிரான்சிஸ் பேஜ் என்ற டாக்டர் எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய மாத்திரை. எதிர்ப்பு மண்டலத்தை முழுதாக முடக்காமல் அதன் வேகத்தைத் தணிக்கிறது. வருடக்கணக்கில் சாப்பிடும்போது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனைத் தேதியைத் தவற விடக் கூடாது.

முடக்குவாதத்துக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகின் பல நாடுகளில் உண்டு. வீட்டில் வயதானவருக்கு நீங்கள்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், கிழமையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி உறையில் ஒட்டிவிடுங்கள்.

மருமகள் உண்டாகிவிட்டாள் என்றதும் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்வது வழக்கம். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பொறுத்தவரை அந்தப் பயம் சரி. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பொறுத்தவரை அது தவறு. கர்ப்ப காலத்திலும் அதைத் தொடரச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. நிறுத்தினால் லூப்பஸ் கிளம்பி, தாயின் சிறுநீரகத்தையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் சேர்த்தே பாதிக்கும்.